வயிற்றில் கிடந்த நார்

அத்தியாயம் 14

இந்தக் கதவைத் திறந்துகொண்டு யாராவது வந்து, 'முடிஞ்சு போச்சும்மா' என்று சொன்னால் முதலில் நான் என்ன செய்வேன்?

முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொள்வேன். பெஞ்சுக்கு அடியில் போன செருப்பைக் காலால் துழாவுவேன். அதற்குள் மதினி மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுவாள். அவளைத் தூக்கி உட்கார வைப்பேன். யாரிடமாவது சொல்லி ஊருக்குப் போன் போடச் சொல்வேன். இத்தனையும் ஆன பிறகாவது எனக்கு அழுகை வருமா?

வராது என்றுதான் பொன்மணிக்குத் தோன்றியது. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று தெரிந்துகொள்கிற மாதிரி அதைத் தெரிந்துகொண்டாள். கோபமும் இல்லை, பயமும் இல்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கவேண்டியதுதான்.

கதவு திறக்கவில்லை. அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் புருஷன் மாரிக்கண்ணன் ஒருக்களித்துப் படுத்திருப்பான். வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, அதன் வழியாகக் கறுப்புக் குழாயை வயிற்றுக்குள் இறக்கியிருப்பார்கள். குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் உண்டு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

மாரிக்கண்ணன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். காலண்டர் சீசன் வந்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி நினைப்பு இருக்காது. டீயும் பீடியுமாகவே பல வருஷத்தை ஓட்டினான். வயிற்றில் வந்த புண் ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருந்து, தழும்பேறி, இரைப்பையின் வாயே சுருங்கி அடைத்துக்கொண்டது. தீபாவளி முடிந்த கையோடு விருதுநகரில் இதே ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். இரைப்பையோடு குடலைச் சேர்த்துத் தைத்து, சாப்பாடு இறங்கப் புதுவழி வைத்தார்கள். தேறினான். பொங்கலன்று வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நின்று கரும்பு விலை விசாரிக்கும் அளவுக்குத் தேறிவிட்டான்.

பொங்கல் கழிந்ததும் வாந்தி பிடித்தது. கஞ்சி தங்கவில்லை, தண்ணீர் தங்கவில்லை. மேல்வயிறு பானை மாதிரி உப்பி, தொட்டால் அலறினான். வீடு இருக்கும் விஸ்வநத்தத்திலிருந்து வேன் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நேற்றுக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், தைத்த இடத்தில் ஏதோ உருண்டையாகத் திரண்டு வழியை அடைத்து நிற்கிறது என்றார். அதை இளக்குவதற்கு, கடையில் விற்கிற கோலாவைக் குழாய் வழியாக விடும் வைத்தியம் ஒன்றும் சொன்னார். மூக்கம்மாளுக்கு இன்னும் ஆறாதது அந்த வைத்தியம்தான்.

"கலரை ஊத்துறாகளே, கேட்டியா அநியாயத்தை?" என்றாள் மூக்கம்மாள். மாரிக்கண்ணனின் அக்காள். சாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். தீப்பெட்டி ஆபீசில் முப்பது பொம்பளைகளை மேய்த்துப் பழகிய குரல். "மூக்குல குழாயைச் சொருகி, கறுப்புக் கலரை பாட்டில் பாட்டிலா உள்ள விடுறாக. கல்யாண வீட்டுல கூட ஆளுக்கு ஒரு பாட்டில்தான் கொடுப்பாக."

"அடைச்சு நிக்கிறதை அது இளக்குமாம், மதினி. டாக்டரு சொன்னாக."

"இளக்கும். கக்கூஸ் கழுவக்கூட அதைத்தான் ஊத்தலாம்னு டிவியில சொன்னான். என் தம்பி வயிறு என்ன கக்கூஸா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். மூக்கம்மாளும் லேசாகச் சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்காக வருத்தப்பட்டு மூக்கைச் சிந்தினாள். நல்ல மனுஷிதான். தம்பிக்கு ஒன்று என்றால் சாத்தூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே வந்துவிடுவாள். ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அதைப் பொன்மணி மறுக்கவில்லை.

மாமியார் மாடத்தி மட்டும் பெஞ்சில் உட்காரவில்லை. இடம் இருந்தும் தரையில், சுவரோரம், காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மாரிக்கண்ணனுக்கு வாந்தி பிடித்த நாளிலிருந்து மாமியார் தன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்பதைப் பொன்மணி கவனித்திருந்தாள். சோறு போட்டால் தட்டைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தால் செம்பைப் பார்த்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

வெளியே வந்தவர் டாக்டர் நல்லசிவம். மதுரையில் வேலை, சில நாட்கள் மட்டும் இங்கே வந்து குழாய் விட்டுப் பார்க்கிறவர். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. மூக்கம்மாள் எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்னால் இடித்தது.

"பயப்படாதீங்க. வழி திறந்தாச்சு," என்றார். "வயித்தைத் திரும்பக் கிழிக்கலை. தையல் கிடையாது. நேத்து ஊத்தினது நல்லா வேலை செஞ்சிருக்கு, கட்டி இளகி இருந்துச்சு. குழாய் வழியாவே கம்பிச் சுருக்கை விட்டு, துண்டு துண்டா அறுத்து வெளியே எடுத்தோம். தச்ச இடமும் கொஞ்சம் சுருங்கியிருக்கு. அதை பலூன் வெச்சு விரிச்சு விட்டிருக்கேன்."

"பலூனா?" என்றாள் மூக்கம்மாள். "வயித்துக்குள்ளயா?"

"திருவிழா பலூன் இல்லம்மா. சுருங்கின இடத்துல வெச்சு ஊதி, விரிச்சு, திரும்ப எடுத்தாச்சு. சில வாரம் கழிச்சு இன்னொரு தடவை விரிக்கணும். மறந்துறாம கூட்டிட்டு வாங்க."

மூக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மாடத்தி தரையிலிருந்தபடியே கும்பிட்டாள். பொன்மணிக்குக் கை எழவில்லை. பிழைத்துவிட்டான் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது.

"இதை யார் கொடுத்தது?" என்று கேட்டபடி டாக்டர் தட்டைச் சாய்த்துக் காட்டினார்.

மஞ்சளும் பழுப்புமாக, சகதியில் நனைத்த கயிற்றுத் துணுக்குகளைப் போலக் கிடந்தது. நூல் நூலாக ஒன்றோடொன்று சிக்கி, பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டிருந்தது. இதுவா அவனைக் கொல்லப் பார்த்தது என்று நினைக்கும்படி அவ்வளவு கொஞ்சமாக இருந்தது.

"நான் உடன்குடிக்காரன். பனங்கிழங்கு நாரை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இவர் வயிறு முன்ன மாதிரி அரைக்காது, நார் உள்ளது எதுவும் ஆகாது, எதையும் மசிச்சுக் கொடுங்கன்னு ஆபரேஷன் அப்பவே சொல்லி அனுப்பினாங்களா இல்லையா?"

"சொன்னாக," என்றாள் பொன்மணி.

"அப்புறம்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அது கேள்வியே இல்லை; ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் அலுத்துக்கொள்கிறவர். ஆனால் கேள்வி அவரோடு போகவில்லை. மூன்று பெண்களுக்கு நடுவில், அந்த வராந்தாவில் நின்றுவிட்டது.

மூக்கம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

"பனங்கிழங்கு," என்றாள். "ஆலங்குளத்துல இருந்து உங்க அண்ணன் காமராஜ் கட்டுக்கட்டா கொண்டாந்து இறக்குனாரே, பொங்கச் சீரு. அந்தக் கிழங்குதான?"

"வீட்டுல வேற கிழங்கு இல்ல மதினி."

"அப்ப?"

"நான் கொடுக்கல."

"பின்ன, கிழங்கு தானா எந்திரிச்சு நடந்துபோயி அவன் வாயில விழுந்துச்சாக்கும்?"

பொன்மணி மாமியாரைப் பார்த்தாள். மாடத்தி தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் முடிந்து, பொன்மணி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி திறந்த நாள் அது. சாமி கும்பிட்டு வேலை ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வெடிச் சரம் பின்னிவிட்டுப் பொழுது சாயப் பொன்மணி வீடு வந்தாள். கை கழுவப் பின்பக்கம் போனவள் உரலைப் பார்த்தாள். குழியில் மஞ்சள் படிந்திருந்தது. பூண்டு வாடை. உரலைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதையில், பிடுங்கிப் போட்ட நார்கள் வெயிலில் காய்ந்து கிடந்தன.

மஞ்சள் போட்டு அவித்து, கண்ணுக்குத் தெரிந்த நாரையெல்லாம் உரித்து எறிந்து, பூண்டும் மிளகாயும் உப்பும் வைத்து இடித்து, உருண்டை பிடித்திருக்கிறாள் மாடத்தி. மசித்துக் கொடுக்கச் சொன்னார்கள் இல்லையா? பனங்கிழங்கு உருண்டையை விடவா ஒன்று மசிந்துவிடும்? உரலில் இடிபட்டது வயிற்றில் போய் மறுபடியும் நாராகும் என்று யார் நினைப்பார்கள்? மகனுக்கு நாக்கு செத்துப்போயிற்றே என்று தாய் செய்தது. பொன்மணிக்கு அப்போதும் அது புரிந்தது, இப்போதும் புரிகிறது.

அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளே மாரிக்கண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "பசியில்ல, நீங்க சாப்பிடுங்க," என்றான். குரலில் திருட்டுத்தனமான ஒரு திருப்தி இருந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் சண்டை வரும். அவளுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி உரலைக் கழுவிவிட்டுவிட்டாள்.

அந்த ஒரு வாளித் தண்ணீரைத்தான் இப்போது நினைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ வீட்டுலதான இருந்த?" மூக்கம்மாள் தாயிடம் கேட்டாள். "இவ கொடுத்ததைப் பாத்தியா, பாக்கலையா?"

"எனக்கென்னத்தா தெரியும்," என்றாள் மாடத்தி, பெருவிரலிடம். "நான் ஆட்டுக்குக் குழை கட்டிட்டு அங்கன கிடந்தேன்."

பொன்மணி அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். ஒரு மனுஷி முதலில் பயத்தில் பொய் சொல்லலாம். மூச்சு விட்டுத் திரும்ப ஒரு வார்த்தை சொல்வாள் என்று தோன்றியது. மாடத்தி மூச்சுதான் விட்டாள்.

சரி, நானே சொன்னால் என்ன? அத்தைதான் இடித்துக் கொடுத்தாக என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மதினி நேரே கட்டிலுக்குப் போய், 'ஏலே, யாருலே கொடுத்தா?' என்று கேட்பாள். அவன் தாயின் முகத்தைப் பார்ப்பான். பிறகு அவன் சொல்லப்போவதைக் கேட்டுக்கொண்டு, பொன்மணி அந்த ஆளோடு இனியும் ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும்.

அவன் என்ன சொல்வான் என்பது தெரியாமல் இருக்கிறவரைக்கும் நல்லது. வாயை மூடிக்கொண்டாள்.

"இங்க பாரு பொன்மணி," என்றாள் மூக்கம்மாள். குரலை இறக்கியிருந்தாள். அதுதான் கத்துவதைவிடப் பயமாக இருந்தது. "நான் உன்னைத் திட்டப்போறதில்ல. கீழ பிள்ளையாரு இருக்காரு. சூடம் ஏத்துறேன். நான் கொடுக்கலன்னு சொல்லி அணைச்சிரு. அதோட நான் வாயை மூடிக்கிறேன். ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா?"

தெரியும். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு தீர்ந்தது. பொய் என்றால் சாமி பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் யாரும் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது. காணாமல் போன கோழியிலிருந்து பாகப்பிரிவினை வரைக்கும் இப்படித் தீர்ந்ததுண்டு.

"அணைக்கலன்னா?"

"அணைக்கலன்னா நீ கொடுத்தேன்னு அர்த்தம். அவனை இங்கன இருந்தே சாத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். உன் கையால இனி ஒரு வாய் தண்ணி குடிக்க விடமாட்டேன். அம்புட்டுத்தான்."

மாரிக்கண்ணனை வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மயக்க ஊசி தெளிந்து முகம் வெளிறிக் கிடந்தான். மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். அது ஒட்டியிருந்த இடத்தில் பிளாஸ்திரியின் கறை. வயிறு தணிந்து போர்வைக்குள் தட்டையாக இருந்தது. பொன்மணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"தொண்டை எரியுது." குரல் கரகரவென்று வந்தது. "வயிறு லேசா இருக்கு. கல்லைத் தூக்கி வெளிய போட்ட மாதிரி இருக்கு."

"ம்."

"அக்கா சத்தம் வெளிய கேட்டுச்சே. என்ன சொல்லுது?"

"கிழங்கு யாரு கொடுத்தான்னு கேக்குறாக. சூடம் அணைக்கச் சொல்றாக."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கல்யாணமான புதிதில், மாடத்திக்கும் அவளுக்கும் ஏதாவது வாய்வார்த்தை வந்தால் மாரிக்கண்ணன் எழுந்துபோய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். கம்பி கம்பியாகத் துடைப்பான். செயினுக்கு எண்ணெய் போடுவான். உள்ளே சத்தம் அடங்கும்வரை அவனுக்குச் சைக்கிளில் வேலை இருக்கும். தெருவில் அவன் சைக்கிள் மாதிரி பளபளக்கிற சைக்கிள் வேறு கிடையாது என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இங்கே கட்டிலில் துடைக்க ஒன்றும் இல்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டான்.

டிரிப்ஸ் பாட்டிலில் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நகக்கண்ணில் படிந்த வெள்ளிப்பொடி இன்னும் போகவில்லை என்பதையும் பார்த்தாள்.

"நான்தான் கேட்டேன்," என்றான், கண்ணைத் திறக்காமலே. "ரசமும் கஞ்சியும் குடிச்சுக் குடிச்சு நாக்கு மரத்துப்போச்சு. அம்மாதான் இடிச்சுத்தாரேன், ஒண்ணும் செய்யாதுன்னுச்சு. ரெண்டு உருண்டைதான் தின்னேன். இல்ல, கூடத்தான் இருக்கும். ரொம்ப நல்லா இருந்துச்சு பொன்மணி."

"தெரியும்."

அவன் கண் திறந்துகொண்டது. "தெரியுமா?"

"உரலைப் பாத்தேன்."

அவன் சொல்லிவிட்டான். பொய் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் உள்ளே ஏதாவது இளகும் என்று எதிர்பார்த்துத் தன்னையே உற்றுக் கவனித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மரத்துப்போன காலில் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது. கிள்ளுகிற விரல் தெரிகிறது, வலிதான் தெரியவில்லை.

"இதை மதினிகிட்ட சொல்லுங்க," என்றாள்.

"அக்காகிட்டயா?" அவன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சாய்ந்தான். "நீ வேற. அம்மாவைக் குதறிப்போட்டுரும். அப்புறம் சாத்தூரு வீட்டு வாசப்படியில அம்மாவைக் கால் வைக்க விடாது. உனக்குத்தான் அதைப் பத்தித் தெரியுமே."

"நீங்களா எடுத்துத் தின்னதா சொல்லுங்க. அத்தை பேரு எதுக்கு?"

அவன் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினான்.

"ஆபரேஷனுக்கு அக்கா என்ன ஓட்டம் ஓடுச்சு. நான் திருட்டுத்தனமா தின்னேன்னு சொல்லிட்டு, அது மொகத்துல எப்படி முழிப்பேன்?" பிறகு, ஏதோ சுலபமான வழி கிடைத்துவிட்டவனைப் போல அவள் கையைப் பிடித்தான். "நீ ஏன் யோசிக்கிற? நீ கொடுக்கலைதான? உள்ளதைத்தான சொல்லப்போற? உன்னை யாரும் பொய்ச்சத்தியம் பண்ணச் சொல்லலையே. போயி அணைச்சிட்டு வந்துரு. அதுக்குப் பிறகு யாரும் யாரையும் கேக்க மாட்டாக. எல்லாருக்கும் நிம்மதி. கை ஒண்ணும் சுடாது."

கை சுடாது என்பது அவளுக்கும் தெரியும்.

அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அதை அவன் இந்தக் கட்டிலில் படுத்தபடி ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். அவள் சொல்வதென்றால் நெருப்பில் கை வைத்துச் சொல்லவேண்டும். அவன் வாய் இங்கே சும்மா கிடக்கும்போது அவளுடைய கை எதற்கு?

அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் யோசித்து ஒரு பதில் சொல்வான். அந்தப் பதிலும் சரியாகத்தான் இருக்கும்.

கையை மெல்ல உருவிக்கொண்டாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்து அவன் பிடரிக்கு அடியில் வைத்தாள். கட்டிலடியில் இருந்த பிளாஸ்க்கை எடுத்தாள்.

"எங்க?"

"கேன்டீன்ல கஞ்சி போடுற நேரமாச்சு."

அவள் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. முகம் தெளிந்து, மறுபடி கண்ணை மூடினான்.

பிள்ளையார் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள்ளேயே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி வேப்பமரத்தடியில் இருந்தார். வார்டுகளில் யாருக்கோ குணமானதற்காக உடைத்த தேங்காய்ச் சில்லுகளை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் எதிர்க்கடையில் சூடம் வாங்கி வந்திருந்தாள். மாடத்தி மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றாள்.

பொன்மணி கஞ்சி வாங்கிய பிளாஸ்க்கோடு வருவதைப் பார்த்ததும் மூக்கம்மாள் கல்லின் மேல் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தாள். காற்றில்லாத மத்தியானம். தீ நேராக நின்றது. உள்ளே இருக்கும் நோயாளிக்காகக் காத்திருந்த சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு, குடும்பத்து விஷயம் என்று தெரிந்து பார்க்காத மாதிரி நின்றார்கள்.

"வா," என்றாள் மூக்கம்மாள். "சாமியைக் கும்பிட்டு அணை."

பொன்மணி வந்து நின்றாள். சாமியைக் கும்பிட்டாள். கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

"என்ன நிக்கிற? வெடியோட புழங்குறவளுக்குச் சூடம் சுட்டுருமாக்கும்?"

"மாட்டேன் மதினி."

"என்னது?"

"அணைக்க மாட்டேன்."

மூக்கம்மாள் சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள், அழுகைக்கும் தயாராக வந்திருந்தாள். பொன்மணி கடைசியில் அணைத்துவிடுவாள் என்றுதான் உள்ளுக்குள் நம்பியிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கொடுக்கலன்னு சொன்னியே. அதைச் சாமி முன்னால சொல்றதுக்கு என்ன?"

"மேல உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிட்டேன். அம்புட்டுத்தான்."

"அப்ப நீதான் கொடுத்தேன்னு நாலு பேரு சொல்லுவாக. பரவாயில்லையா?"

"சொல்லட்டும்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல பொன்மணி. பெரிய டாக்டரு அனுப்புனதும் அவனை நேரா சாத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"கூட்டிட்டுப் போங்க." பொன்மணி பிளாஸ்க்கை நீட்டினாள். "கஞ்சியைத் துணியில வடிகட்டிக் கொடுங்க. கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும். பலூன் வைக்கத் திரும்ப வரச் சொல்லியிருக்காக, மறந்துறாதீக."

மூக்கம்மாள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு அதையும் பொன்மணியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் மாடத்தி மரத்தைவிட்டு வந்தாள். பொன்மணியின் முழங்கையைப் பிடித்தாள். காதோடு காதாக, மகளுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"ஒரு நிமிசந்தானத்தா. உள்ளங்கையை வச்சு எடுத்தா முடிஞ்சு போச்சு. நீ கொடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? எனக்காக அணைச்சிருத்தா."

எனக்குத் தெரியாதா. இத்தனை நேரமும் பொன்மணி கேட்கக் காத்திருந்த வார்த்தை. அவள் காதுக்குள் மட்டும் சொல்லப்பட்டு, அங்கேயே தீர்ந்துபோயிற்று.

முழங்கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பலமாக இல்லை, குழந்தையின் பிடியை விடுவிக்கிற மாதிரி. குனிந்து, மாமியாரின் நரைத்த காதோரத்தில், அதே தணிந்த குரலில் சொன்னாள்.

"நீங்க வேணா அணைங்க, அத்தை."

சொல்லிவிட்டு ஓரடி விலகி நின்றாள், வழி விடுகிற மாதிரி.

மாடத்தி அசையவில்லை. கல்லின் மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மூக்கம்மாள் பிளாஸ்க்கை மார்போடு பிடித்தபடி தாயின் பக்கமாக ஓர் எட்டு வந்தாள்.

"அவ என்னம்மா சொன்னா, உன்கிட்ட?"